நிறைய என்று காட்டிய முள்

ஏற்றம் தொடங்கினதும் முள்ளும் ஏறும்.
டோல்கெத்லை ஊர் முடிந்து
கல்சுவர்களுக்கு நடுவே சாலை நெளிகிற இடத்தில்
வெப்பமானி விறுவிறுவென்று சிவப்பைத் தொடும்.
சில நாள் தொடாது. அதுதான் தொல்லை.
ஹெயில்வென் ஓரங்கட்டுவாள், பானெட்டைத் திறப்பாள்,
மழைக்கோட்டோடு அப்படியே நிற்பாள்.
ஆவி இல்லை. கொதிக்கிற சத்தம் இல்லை.
ஆனாலும் இருபது நிமிடம் காத்திருப்போம்,
முள் சொன்னதற்கு மரியாதையாக.

எழுபத்திரண்டாம் வருடத்து எம்.ஜி.பி.,
பாசிப் பச்சை, இரண்டே இருக்கை.
மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத காரில்
எனக்கு ஒரு வேலைதான்: டார்ச் பிடிப்பது.

தெர்மோஸ்டாட் மாற்றினாள்.
தண்ணீர் பம்ப் மாற்றினாள்.
ரேடியேட்டரைக் கழற்றி ரெக்ஸமுக்கு அனுப்பினாள்,
அது பளபளவென்று திரும்பி வந்தது.
எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்குமாம்.
நான்கு மாதம் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.
கொதித்தது எதுவென்றுதான்
கடைசிவரை தெரியவில்லை.

அதே பலகையில் பெட்ரோல் முள்.
அதுவும் ஏறித்தான் இருந்தது.
பார்த்தோம். இருவரும்தான் பார்த்தோம்.
"வயசானாலும் கொஞ்சமாத்தான் குடிக்குது" என்றேன்.
அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு,
டினாஸ் மவ்த்விக்கு இறங்கும் முன்
கணவாயின் உச்சியில்
எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.
துணிக்கூரை ஒழுகியது, என் பக்கம் மட்டும்.
குவாட் பைக்கில் வந்தான் ஒருவன், பெயர் ஈத்தல்,
பின்னால் ஈரமான ஒரு நாய்.
"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"
"முக்கால் டேங்க்."
குனிந்தான். விரல் மூட்டால்
டேங்கின் அடியில் தட்டினான்.
காலிப் பானை எங்கே தட்டினாலும் காலிப் பானை.
ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து லிட்டர் ஊற்றினான்.
இருபது பவுண்டு நோட்டை வாங்கிக்கொண்டு
சில்லறை இல்லை என்றான். நாய் எங்களைப் பார்த்தது.

வீடு வரும்வரை ஹெயில்வென் பேசவில்லை.
கராஜ் கதவை ஏற்றும்போதுதான்:
"ரெண்டும் சேர்ந்தே ஏறியிருக்கு."
எண்ணெய் அழுத்த முள் ஒருநாளும் ஆடினதில்லை.
அதற்கு ஒயர் இல்லை, மெல்லிய குழாய்.
ஒயரால் பேசுகிற இரண்டும்தான்
ஒரே வாயால் பொய் சொல்லியிருக்கின்றன.

அவள் தலைகீழாய்ப் படுத்தாள்,
கால்கள் இருக்கையின் முதுகில்,
தலை கிளட்ச் மிதிக்குப் பக்கத்தில்.
டேஷ்போர்டுக்குப் பின்னால்
தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு தகரப் பெட்டி.
பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டைப்
பத்தாக அடக்கி இரண்டு முள்ளுக்கும் தருவது அது.
அடக்குவதற்கு அது எர்த்தைத் தொட வேண்டும்.
காருக்கு மண் என்பது அதன் உடம்புதான்.
யாரோ பழைய சொந்தக்காரன்
உடம்பு முழுக்கப் பெயிண்ட் அடித்து
அதன் மேலேயே திருகை முறுக்கியிருக்கிறான்.
குலுங்கினால் தொடும். குலுங்கினால் விடும்.

எஞ்சினை ஓடவிட்டு
ஒரு துண்டு ஒயர், இரு முனையிலும் முதலை வாய்:
ஒன்று பெட்டியைக் கவ்வியது,
மற்றது வெற்று இரும்பை.
இரண்டு முள்ளும் இறங்கின,
அவசரமில்லாமல், மேடை விட்டு இறங்குகிற ஆட்கள் மாதிரி.
வெப்பம் நடுவில் நின்றது.
பெட்ரோல் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.

உப்புத்தாள் ஒரு துண்டு. ஐந்து நிமிட வேலை.
ஷெட்டில் கிடக்கிறது பழைய பம்ப்,
ஒரு குறையும் இல்லாத பம்ப்.
சிவப்பைக் காட்டின முள்ளுக்கு
அறுநூறு பவுண்டு செலவழித்தோம்.
நிறைவைக் காட்டின முள்ளை
யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அடுத்த மாசம் கூரையை மாத்திடலாமா?"
கீழிருந்து கேட்டாள், வாயில் திருகு.
"கிளினிக்ல எல்லாம் நல்லாத்தானே போகுது?"

ஜனவரி முதல்
வாரத்துக்கு இரண்டே நாள்தான் எனக்கு அங்கே கணக்கு வேலை.
மற்ற மூன்று நாளும்
நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறேன்.

"நல்லாத்தான்" என்றேன்.

"டார்ச் ஆடுது" என்றாள்.
"நேராப் பிடி."